நிர்வாகிக்கு ஓடுகிறது, மற்றவர்களுக்கு 'அனுமதி மறுக்கப்பட்டது': ரிமோட் டெஸ்க்டாப் சர்வரில் எங்கே தேடுவது?

உங்கள் நிலைமையை நான் புரிந்துகொண்ட வகையில் சொல்லிவிடுகிறேன். ஒரு ரிமோட் டெஸ்க்டாப் சர்வரில், அதாவது பலர் நெட்வொர்க் வழியாக நுழைந்து வேலை செய்யும் பொதுக் கணினியில், பதினைந்து பேர் ஒரே நேரத்தில் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய கணக்கு மென்பொருளின் எக்ஸ்இ கோப்பும் தரவுக் கோப்புகளும் வேறொரு ஃபைல் சர்வரின் பகிர்வுக் கோப்புறையில் இருக்கின்றன. அந்தக் கோப்புறை எல்லோருக்கும் இசட் டிரைவாக இணைக்கப்பட்டிருக்கிறது. நிர்வாகியாக நுழைந்தால் மென்பொருள் ஒழுங்காக ஓடுகிறது. சாதாரணப் பயனராக நுழைந்தால் 'அனுமதி மறுக்கப்பட்டது'. பகிர்வில் எல்லோருக்கும் முழு உரிமை கொடுத்தும் பயனில்லை. பேசாமல் பதினைந்து பேரையும் நிர்வாகிகள் குழுவில் சேர்த்துவிடலாமா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். இதற்கு நடுவே, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: நேற்று திறக்க முடியாதவருக்கு இன்று காலை திறந்தது, நேற்று திறந்தவருக்கு இன்று திறக்கவில்லை.

கேள்வி உரிமையைக் கூட்டுவது பற்றியதாகத் தெரிந்தாலும், உங்களுக்கு வேண்டிய தகவல் மறுப்பு எங்கிருந்து வருகிறது என்பதே. ஃபைல் சர்வரா, ரிமோட் டெஸ்க்டாப் சர்வரின் சொந்த வட்டா, நிர்வாகி கணினிகளுக்கு மொத்தமாக வைக்கும் விதிகளான குழுக் கொள்கையா, வேறு ஏதாவதா? செய்திப் பெட்டியில் வருவது ஒரே வாக்கியம். அதைச் சொல்லக்கூடிய இடங்கள் பல. இப்படிப்பட்ட சர்வர்களைப் பல ஆண்டுகள் பராமரித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் போகிற போக்கு வரியில்தான் விடை ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் அதற்கு முன் சீக்கிரம் சோதித்துத் தள்ளிவிட வேண்டியவை சில உண்டு. அவற்றைத் தாண்டாமல் அங்கே போனால் நாளை நீங்களே என்னைத் திட்டுவீர்கள்.

முதலாவது, பயனர் உண்மையிலேயே வெளியேறி மீண்டும் நுழைந்தாரா என்பது. விண்டோஸில் ஒருவர் எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறார் என்ற பட்டியல், அவர் லாக்-ஆன் செய்யும் கணத்தில் டோக்கன் என்ற அடையாளச் சீட்டில் எழுதப்படுகிறது. அதன் பிறகு நீங்கள் அவரை எத்தனை குழுக்களில் சேர்த்தாலும் அந்தப் பழைய டோக்கன் மாறாது. சொந்தக் கணினியில் இது பெரிய சிக்கல் அல்ல, மாலையில் அணைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ரிமோட் டெஸ்க்டாப்பில் பெரும்பாலானோர் ஜன்னலின் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்திவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அது தொடர்பைத் துண்டிக்கிறது, அவ்வளவுதான். அவர்களுடைய செஷன், அதாவது நுழைந்ததிலிருந்து திறந்து வைத்த வேலை முழுவதும், சர்வரில் அப்படியே உயிரோடு இருக்கிறது. மறுநாள் அதே செஷனில், அதே பழைய டோக்கனோடு வந்து உட்காருகிறார்கள். நேர வரம்பு எதுவும் வைக்காத சர்வரில் வாரக்கணக்கில் இப்படிக் கிடக்கும் செஷன்களைப் பார்த்திருக்கிறேன். டாஸ்க் மேனேஜரில் யூசர்ஸ் பக்கத்தைத் திறந்தால் யாருடைய செஷன் துண்டிக்கப்பட்ட நிலையில் தொங்குகிறது என்று தெரியும். ஒருவரை முறையாக சைன்-அவுட் செய்யவைத்து, மீண்டும் நுழையச் சொல்லிப் பாருங்கள். கட்டளைச் சாளரத்தில் 'ஹூஆம்ஐ' கட்டளையை 'குரூப்ஸ்' என்ற சேர்க்கையோடு அடித்தால், அந்த டோக்கனில் உண்மையில் இருக்கும் குழுக்கள் வரிசையாக வரும். நீங்கள் சேர்த்த குழு அதில் இல்லையென்றால், கோப்புறையின் உரிமைப் பட்டியலை எத்தனை முறை திருத்தினாலும் வீண். ஒரு குறுக்குச் சோதனையும் உண்டு: கோப்புறையின் பாதுகாப்புப் பட்டியலில் குழுவுக்குப் பதிலாக அந்தப் பயனரின் பெயரையே நேரடியாகச் சேர்த்துப் பாருங்கள். உடனே திறந்தால் கோளாறு டோக்கனில்.

இரண்டாவது, 'பகிர்வில் முழு உரிமை' என்று நீங்கள் எழுதியிருப்பது. ஒரு பகிர்வுக் கோப்புறைக்கு இரண்டு பூட்டுகள். ஷேரிங் பக்கத்தில் கொடுப்பது ஒன்று. செக்யூரிட்டி பக்கத்தில் உள்ள, வட்டின் கோப்பு முறையே காக்கும் என்டிஎஃப்எஸ் உரிமை மற்றொன்று. நெட்வொர்க் வழியாக வருபவர் இரண்டையும் கடக்க வேண்டும், இரண்டில் எது குறுகலோ அதுவே செல்லும். எனவே முதல் பூட்டை அகலத் திறந்துவிட்டு இரண்டாவதைப் பார்க்காமல் விட்டிருக்கலாம். அந்தக் கோப்புறையின் செக்யூரிட்டி பக்கத்தில் அட்வான்ஸ்டு பொத்தானை அழுத்தி, எஃபெக்டிவ் ஆக்சஸ் பகுதியில் பயனரின் பெயரைக் கொடுத்தால் கணக்குப் போட்டுக் காட்டும். மறுப்பு வரிகள் ஏதாவது இருக்கின்றனவா என்றும் பாருங்கள். எவரோ எப்போதோ ஒரு குழுவுக்கு வைத்த 'டினை' வரி, நீங்கள் தாராளமாகக் கொடுத்த அனுமதியை விழுங்கிவிடக்கூடும்.

இங்கே இன்னொரு நுணுக்கம். மென்பொருளைத் தொடங்குவதற்குப் படிக்கவும் இயக்கவும் உரிமை இருந்தால் போதும். ஆனால் தரவுக் கோப்பு இருக்கும் கோப்புறை வேறு கதை. மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் வகைத் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் ஆள் திறக்கும்போது அதன் பக்கத்திலேயே ஒரு பூட்டுக் கோப்பு உருவாகிறது, கடைசி ஆள் மூடும்போது அழிகிறது. ஆகவே தரவுக் கோப்பின் மேல் எழுதும் உரிமை மட்டும் போதாது. அதைச் சுற்றியுள்ள கோப்புறையில் புதுக் கோப்பு உருவாக்கவும் அழிக்கவும் உரிமை வேண்டும். 'மாடிஃபை' (மாற்றும் உரிமை) அளவு கொடுத்தால் சரியாக வரும். 'ஃபுல் கன்ட்ரோல்' தேவையே இல்லை; அது கோப்புறையின் உரிமைப் பட்டியலையே மாற்றும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது.

மூன்றாவது, இசட் டிரைவ். இணைத்த டிரைவ் என்பது கணினிக்கு உரியது என்று பலர் எண்ணுகிறார்கள். அது லாக்-ஆன் செஷனுக்கு உரியது. நிர்வாகியின் நிரல்களையும் இயல்பாகச் சாதாரண உரிமையோடு ஓடவைக்கும் பயனர் கணக்குக் கட்டுப்பாடு இயங்கும் சர்வரில், நிர்வாகி ஒருவர் நுழையும்போது அவருக்கு இரண்டு டோக்கன்கள் கிடைக்கின்றன, ஒன்று சாதாரணம், ஒன்று உயர்த்தப்பட்டது. சாதாரண டோக்கனில் இணைத்த டிரைவ், 'நிர்வாகியாக இயக்கு' என்று திறந்த நிரலின் கண்ணுக்குத் தெரியாது. சிக்கலைச் சோதிக்கிறேன் என்று வலது சொடுக்கில் நிர்வாகியாக இயக்கி, 'இசட் டிரைவே இல்லை' என்ற புதுப் பிழையைப் பார்த்துத் திகைத்து, அந்தப் பிழையைத் துரத்திக்கொண்டு அரை நாளைக் கழித்தவர்கள் உண்டு. நானும் அதில் ஒருவன். விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் 'எனேபிள் லிங்க்டு கனெக்ஷன்ஸ்' என்ற மதிப்பை 1 ஆக்கி சர்வரை மறுதொடக்கம் செய்தால் இரண்டு டோக்கன்களும் டிரைவைப் பகிர்ந்துகொள்ளும். ஆனால் நான் அந்த வழிக்குப் போவதில்லை. குறுக்குவழிச் சின்னத்தில் இசட் என்பதற்குப் பதில், இரண்டு பின்சாய்கோடுகளில் தொடங்கும் முழு நெட்வொர்க் முகவரியைப் போட்டுவிடுகிறேன். சோதனையில் ஒரு மாறி குறைகிறது. அந்த முகவரியில் ஐபி எண்ணைப் போடாமல் சர்வரின் பெயரைப் போடுங்கள். எண்ணைக் கொடுத்தால் வழக்கமாக கெர்பராஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு நடக்காமல் என்டிஎல்எம் என்ற பழைய முறைக்கு இறங்கிவிடும், அதை முடக்கிவைத்திருக்கும் இடங்களில் அதுவே மறுப்பாக முடியும்.

இதோடு ஒட்டியது, ஃபைல் சர்வர் அந்தப் பயனரை யாரென்று நினைக்கிறது என்ற கேள்வி. கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் என்றோ சேமித்த பழைய பெயரும் கடவுச்சொல்லும் இருந்தால், விண்டோஸ் சத்தமில்லாமல் அதைத்தான் நீட்டும். நீங்கள் ஒருவருக்கு உரிமை கொடுத்துக்கொண்டிருப்பீர்கள், கதவைத் தட்டுபவர் இன்னொருவராக இருப்பார். பவர்ஷெல்லில் 'கெட் எஸ்எம்பி கனெக்ஷன்' கட்டளை எந்தச் சர்வருக்கு, எந்தப் பெயரில் தொடர்பு திறந்திருக்கிறது என்று காட்டிவிடும். பிழை எண் 1219 வந்திருந்தால் தேடவே வேண்டாம். ஒரே சர்வரை ஒரே செஷனிலிருந்து இரண்டு வெவ்வேறு பெயர்களில் அணுக முயன்றதற்கான எண் அது. எண்களைப் பற்றிய பேச்சு வந்ததால் சொல்கிறேன்: 5 என்றால் அனுமதி மறுப்பு, 53 என்றால் நெட்வொர்க் வழியே கிடைக்கவில்லை, 1326 என்றால் பெயரோ கடவுச்சொல்லோ தவறு, 32 என்றால் வேறொருவர் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார். மோசமாக எழுதப்பட்ட மென்பொருள்கள் இவை அத்தனையையும் 'அனுமதி இல்லை' என்ற ஒரே செய்தியாகக் காட்டும். எனவே பெட்டியில் வரும் வாக்கியத்தைவிட, எண் இருந்தால் எண்ணை நம்புங்கள்.

இனி, என் சந்தேகம் எங்கே நிற்கிறது என்பதற்கு வருகிறேன். மேலே சொன்ன எதுவும், நேற்று ஒருவர் இன்று ஒருவர் என்று மாறி மாறித் திறப்பதைச் சரியாக விளக்கவில்லை. உரிமைப் பட்டியல் தவறு என்றால் ஒருவருக்கு எப்போதும் திறக்காது. நாளுக்கு நாள் மாறாது. முதலில் வருபவருக்குத் திறந்து, பின்னால் வருபவர்களுக்கு மறுக்கும் பழக்கத்தை நான் ஒரு இடத்தில்தான் மீண்டும் மீண்டும் பார்த்திருக்கிறேன். அது ஃபைல் சர்வரில் இல்லை. ரிமோட் டெஸ்க்டாப் சர்வரின் சி டிரைவில் இருக்கிறது.

ஒரு முறை நடந்ததைச் சொன்னால் விளங்கும். அங்கேயும் இதே போலப் பல பேர் பயன்படுத்தும் ஒரு மென்பொருள். காலையில் யார் முதலில் வருகிறாரோ அவருக்கு நன்றாக ஓடும், அடுத்தவர்களுக்கு மறுப்பு. நெட்வொர்க் பக்கம் எல்லாவற்றையும் அலசி முடித்த பிறகு, மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள, நிரல்கள் எந்தக் கோப்பையும் ரெஜிஸ்ட்ரியையும் தொடுகின்றன என்று பதிவு செய்யும் ப்ராசஸ் மானிட்டரை சர்வரில் இயக்கி, அந்த மென்பொருளின் பெயரையும், விளைவு 'ஆக்சஸ் டினைட்' என்பதையும் வடிகட்டியாக வைத்துவிட்டு, மறுக்கப்பட்ட ஒருவரைத் திறக்கச் சொன்னேன். மூன்று வரிகள் வந்தன. முதல் இரண்டு வெற்றுச் சத்தம். மூன்றாவது, மென்பொருள்கள் எல்லாப் பயனர்களுக்கும் பொதுவான தரவை வைக்கும் ப்ரோகிராம்டேட்டா கோப்புறைக்குள் மென்பொருளின் பெயரிலேயே இருந்த துணைக் கோப்புறையில், 'செஷன்' என்ற பெயரில் ஒரு சின்னப் பதிவுக் கோப்பு. அதை எழுதுவதற்குத் திறக்க முயன்று தோற்றிருக்கிறது. கோப்பின் உரிமையாளர் யாரென்று பார்த்தால், அன்று காலை முதலில் நுழைந்தவர்.

காரணம் எளிது. ப்ரோகிராம்டேட்டாவின் இயல்பான உரிமைப்படி, சாதாரணப் பயனர் எவரும் அதன் துணைக் கோப்புறைகளில் புதுக் கோப்பை உருவாக்கலாம். உருவாக்கியவருக்கு அந்தக் கோப்பின் மேல் முழு உரிமை. மற்றப் பயனர்கள் அதைப் படிக்கலாம், இயக்கலாம், எழுத முடியாது. ஒரு கணினிக்கு ஒரு ஆள் என்று நினைத்து எழுதப்பட்ட மென்பொருளுக்கு இது ஒருபோதும் தெரியவராது. பதினைந்து பேர் ஒரே சி டிரைவைப் பகிர்ந்துகொள்ளும் சர்வரில்தான் வெளிப்படும். முதலில் வந்தவர் மென்பொருளை மூடும்போது அந்தக் கோப்பும் அழிந்தால், மறுநாள் வேறு யார் முந்துகிறாரோ அவர் உரிமையாளர் ஆகிறார். நிர்வாகியின் முழு டோக்கனுக்கு அந்தக் கோப்பின் மேலும் உரிமை உண்டு என்பதால் அவருக்கு எப்போதும் ஓடுகிறது. உங்கள் விவரிப்போடு இது இழை இழையாகப் பொருந்துகிறது. அதே கூத்தைச் சில மென்பொருள்கள் சி டிரைவின் வேரில் உருவாக்கிய டெம்ப் கோப்புறையில் அரங்கேற்றும். விண்டோஸின் முறையான தற்காலிகக் கோப்புறையைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. ரிமோட் டெஸ்க்டாப் சர்வர் ஒவ்வொரு செஷனுக்கும் தனித்தனியாக அதை வைத்துக்கொடுக்கிறது.

மருந்து, அந்த ஒரு துணைக் கோப்புறைக்கு மட்டும், அந்த மென்பொருளைப் பயன்படுத்தும் குழுவுக்கு 'மாடிஃபை' உரிமை. உள்ளே உருவாகும் கோப்புகளுக்கும் அது இறங்கும்படி அமைக்க வேண்டும். ப்ரோகிராம்டேட்டா முழுவதற்கும் கொடுத்துவிடாதீர்கள். மென்பொருளின் அமைப்பில் அந்தப் பாதையைப் பயனரின் சொந்தக் கோப்புறைக்கு மாற்ற வழி இருந்தால் அது இன்னும் நல்லது. ஏனென்றால் பதினைந்து பேர் ஒரே பதிவுக் கோப்பில் எழுதத் தொடங்கினால் அனுமதிப் பிழை போய், 32-ஆம் எண் பிழை வந்து உட்காரலாம்.

ப்ராசஸ் மானிட்டரைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். நிர்வாகியாகத்தான் அதை இயக்க முடியும். ஆனால் எல்லாச் செஷன்களின் நடவடிக்கையும் அதில் விழும். எனவே யூசர், செஷன் ஆகிய நெடுவரிசைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் யாருடைய வரி என்று குழம்புவீர்கள். வடிகட்டியில் அடங்காதவற்றைத் தூக்கி எறியும் 'டிராப் ஃபில்டர்டு ஈவன்ட்ஸ்' தேர்வையும் வைத்துவிடுங்கள். பரபரப்பான சர்வரில் அது இல்லாமல் பத்து நிமிடம் ஓடவிட்டால் நினைவகம் கொள்ளைபோகும். இரண்டாவது, கண்ணில் படும் ஒவ்வொரு மறுப்பும் குற்றவாளி அல்ல. பல நிரல்கள் முதலில் முழு உரிமை கேட்டுப் பார்த்து, மறுத்தால் படிக்கும் உரிமையோடு திருப்தி அடைந்துவிடும். பிழைப் பெட்டி தோன்றிய நொடிக்குச் சற்று முந்தைய வரியே முக்கியம். அது சி டிரைவில் இருந்தால் மேலே சொன்னது. கணினி முழுவதற்கும் பொதுவான ரெஜிஸ்ட்ரி கிளையில் இருந்தாலும் அதே மருந்துதான், அந்த ஒரு கீயின் மேல் மட்டும். நெட்வொர்க் முகவரியில் இருந்தால் ஃபைல் சர்வருக்குப் போங்கள். அங்கே 'டீடெய்ல்டு ஃபைல் ஷேர்' தணிக்கையை இயக்கினால் பாதுகாப்புப் பதிவேட்டில் 5145 என்ற எண்ணில் யார், எந்தக் கோப்பை, என்ன உரிமை கேட்டார் என்று விழும். வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள், பதிவேடு வேகமாக நிரம்பும்.

ப்ராசஸ் மானிட்டரில் ஒரு மறுப்பு வரியும் வராமல் பிழை மட்டும் வந்தால்? கோப்போ ரெஜிஸ்ட்ரியோ அல்லாத ஒன்று மறுக்கப்படுகிறது என்று கொள்ளலாம். உங்கள் மென்பொருள் போர்ட் என்ற எண்ணிட்ட நெட்வொர்க் வாசல் ஒன்றைத் திறந்து காத்திருக்கும் வகையா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியென்றால் 10013, 10048 என்ற எண்களைத் தேடுங்கள். இரண்டாவது எண் அந்த முகவரியும் போர்ட்டும் ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பதைச் சொல்கிறது. முதலாவது அனுமதி மறுப்பு போலவே ஒலித்தாலும், வேறொரு நிரல் அதே போர்ட்டைத் தனக்கே தனக்கென்று பிடித்து வைத்திருந்தாலும் வரும். பதினைந்து பேரும் ஒரே சர்வரில், ஒரே ஐபி முகவரியில் இருக்கிறார்கள். நிலையான ஒரே போர்ட் எண்ணை ஒருவர்தான் பிடிக்க முடியும். இங்கும் முதலில் வந்தவருக்கே வெற்றி என்பதைக் கவனியுங்கள். என் முதல் ஊகம் தவறினால் என் கை அடுத்ததாக இங்கேதான் போகும். ஆனால் இந்த விளக்கத்தில் ஒரு இடறல் உண்டு: போர்ட் ஏற்கெனவே பிடிபட்டிருந்தால் நிர்வாகிக்கும் கிடைக்காது. பயனர்கள் யாரும் இல்லாத நேரத்தில் மட்டும் நிர்வாகியாகச் சோதித்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். செஷனுக்கு ஒரு ஐபி முகவரி கொடுக்கும் ஐபி விர்ச்சுவலைசேஷன் வசதி விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 பதிப்பிலேயே வந்துவிட்டது. பழைய மென்பொருளை மாற்றி எழுத முடியாதபோது அது கைகொடுக்கும்.

மற்றவை சுருக்கமாக. செய்தியில் 'நிர்வாகி தடுத்திருக்கிறார்' என்ற தொனி இருந்தால் எந்த நிரல் ஓடலாம் என்று விதிக்கும் ஆப்லாக்கரின் பதிவேட்டைத் திறந்து 8004 எண்ணைத் தேடுங்கள். விதியில் இசட் டிரைவ் எழுத்தைக் கொடுத்திருந்தால் அது வேலை செய்யாது, நெட்வொர்க் முகவரியைத்தான் கொடுக்க வேண்டும். மென்பொருளை நிறுவியபோது சர்வரைப் பல பயனர்களுக்கான நிறுவல் நிலைக்கு மாற்றாமல் விட்டிருந்தால், பயனருக்கான அமைப்புகள் நிறுவிய நிர்வாகியின் கணக்கில் மட்டும் தங்கியிருக்கும். 'சேஞ்ச் யூசர் இன்ஸ்டால்' கட்டளைக்குப் பின் மீண்டும் நிறுவிப் பார்க்கலாம். மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்தில் எழுதிய மிகப் பழைய நிரலாக இருந்தால், அந்தத் தளத்தின் 3.5 சர்வீஸ் பேக் 1-க்கு முந்தைய பதிப்புகள் பகிர்விலிருந்து தொடங்கும் நிரலை முழுமையாக நம்புவதில்லை.

எனக்கு எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். டோக்கன் லாக்-ஆன் நேரத்தில் உருவாகிறது என்பதும், இரண்டு பூட்டுகளில் குறுகலானதே செல்லும் என்பதும், ப்ரோகிராம்டேட்டாவின் இயல்பான உரிமையும் விண்டோஸின் நடத்தை. அவற்றில் சந்தேகம் இல்லை. உங்கள் மென்பொருளின் நோய் அதுதான் என்பது, நீங்கள் எழுதிய ஒரு வரியிலிருந்து நான் செய்யும் ஊகம். சர்வரின் பதிப்பு, மென்பொருளின் பெயர், பிழை எண் எதுவும் கேள்வியில் இல்லை. இங்கிருந்து அதற்கு மேல் சொன்னால் சோதிடம்.

நிர்வாகிகள் குழுவில் சேர்ப்பது பற்றி: சேர்த்தால் மென்பொருள் ஓடவும் கூடும், பயனர் கணக்குக் கட்டுப்பாட்டினால் ஓடாமலும் போகும். ஓடினாலும் பதினைந்து பேரில் எவரும் மற்றவரின் கோப்புகளைத் திறக்கலாம், அவருடைய செஷனை மூடலாம், சர்வரையே மறுதொடக்கம் செய்யலாம். ஒருவர் தெரியாமல் திறந்த தீய இணைப்பு எல்லோருக்குமான சர்வரில் முழு அதிகாரத்தோடு ஓடும். நான் சேர்க்கமாட்டேன்.

நாளைக் காலை செய்யக்கூடியது இது. எல்லோரையும் சைன்-அவுட் செய்யவைத்துவிட்டு, எந்தச் சிறப்பு உரிமையும் இல்லாத இரண்டு சோதனைக் கணக்குகளை உருவாக்கி, ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்து மென்பொருளைத் திறங்கள். பிறகு இரண்டையும் மூடிவிட்டு வரிசையை மாற்றித் திறங்கள். இரண்டு முறையும் பின்னால் வந்தவருக்கே மறுப்பு என்றால் ப்ராசஸ் மானிட்டரில் அந்தக் கடைசி வரியின் பாதையையும் யூசர் நெடுவரிசையையும் குறித்துக்கொண்டு இங்கே எழுதுங்கள். பகிர்வில் எல்லோருக்கும் கொடுத்த முழு உரிமையை அதற்கு முன்பே திரும்ப எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை சோதனையின் முடிவை என்னால் நம்ப முடியாது.